மொட்டை மாடியில் எடுத்த படம்

இரும்புலியூர் ஜெயவேலு எதையும் ஒருமுறை பார்த்த மாத்திரத்தில் நம்பியவர் அல்லர். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவின் முனையில் அவருக்குச் சிமெண்டும் கம்பியும் ஜல்லியும் விற்கும் கடை ஒன்று இருந்தது. எம்-சாண்டு என்னும் கல்தூள் மணல் ஏற்றிய லாரி வந்து நின்றால், ஓட்டுநர் இறங்குவதற்கு முன்பே சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, கையோடு கொண்டுவந்த கம்பியை நான்கு மூலைகளிலும் நடுவிலும் குத்தி ஆழம் பார்ப்பார். பின்னர் ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்து ஈரம் பார்ப்பார். ஈரமான மணல் உப்பிக்கொண்டு அளவில் ஏமாற்றும் என்பது அவருக்குத் தெரியும். "டாக்டர் ஏறிட்டாரு, ஊசி போடப் போறாரு" என்று லாரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

வீட்டிலும் அவர் அப்படியே. கதவைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை சென்று, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். "அந்தப் பூட்டுக்கு வாய் இருந்தா வேலைய விட்டுட்டு ஓடிடும்" என்பாள் அவர் மனைவி கோகிலவாணி.

அவருடைய தந்தை காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அவருக்கு மூன்று வாடகை வீடுகள் இருந்தன. மகள் சின்மயிக்குச் சேலையூர் கேம்ப் ரோட்டில் மாப்பிள்ளை அமைந்திருந்தான். சூர்யா என்று பெயர். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளன். தந்தை இல்லை, தாய் ஜெயஸ்ரீ பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வைகாசியில் திருமணம் என்று முடிவாகியிருந்தது.

இந்தத் திருமணத்தின் அடியில் ஒரு பொய் கிடந்தது. அதை வைத்தவர் ஜெயவேலுவே.

அவருக்கு ஒரு மகனும் உண்டு. மோகன்ராஜ் என்று பெயர். காட்டாங்குளத்தூரில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வகப் பணியில் இருந்தான். அங்கேயே நூலகத்தில் வேலை பார்த்த ஏஞ்சல் என்னும் கிறித்தவப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அந்த ஊரிலேயே குடியேறிவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் அந்த வீட்டில் உரக்கச் சொல்லப்படுவதில்லை. பெண் பார்க்க வந்த அன்று ஜெயஸ்ரீ அம்மாள் கேசரியைத் தட்டில் வைத்துக்கொண்டு, "பையன் எங்க?" என்று இயல்பாகக் கேட்டார். ஜெயவேலு சற்றும் யோசிக்காமல், "துபாய்ல கீறான்" என்று சொல்லிவிட்டார். ஏன் துபாய் என்பது இன்றுவரை அவருக்கே விளங்கவில்லை. அதன்பிறகு அந்தப் பொய்க்குத் தீனி போட வேண்டியதாயிற்று. துபாயில் எந்தப் பகுதி, என்ன வேலை, அங்கே இப்போது வெயிலா என்று சம்பந்தி வீட்டார் கேட்கக் கேட்க, கோகிலவாணி ஒன்று சொல்லுவாள். அவர் வேறொன்று சொல்லுவார்.

"மழை பேயுதுன்னு ஏன்டி சொன்ன? அது பாலைவனம்."

"பாலைவனத்துல மழ பேயாதா? நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?"

சூர்யா நாள்தோறும் மறைமலை நகருக்குப் போகும் வழியில் காட்டாங்குளத்தூரைக் கடந்தே போகிறான் என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

இந்நிலையில்தான் இரம் வந்தாள். திருமணப் படங்கள் எடுப்பவள். மேற்குத் தாம்பரத்துப் பெண். "நிற்க வைத்து எடுக்கும் படம் வேண்டாம், இயல்பாக இருக்க வேண்டும்" என்று சொல்லி அவளை ஏற்பாடு செய்திருந்தவன் சூர்யா. சித்திரை மாதத்து வெயிலில் ஸ்கூட்டரை நிழல் தேடி நிறுத்திவிட்டு, தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறுங்கையோடு அவள் உள்ளே வந்தாள்.

"கேமரா எங்கம்மா?" என்றார் ஜெயவேலு.

"இன்னிக்கு எடுத்துட்டு வரல அங்கிள். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மா பாக்கறதுக்கு இங்க இன்னா கீது? பொருட்காட்சியா?"

அவள் சிரித்தாள். "எந்த ரூம்ல வெளிச்சம் எப்படி வருதுன்னு பாக்கணும். அப்புறம் நீங்க எல்லாரும் என்னோட பழகிக்கணும். கல்யாணத்தன்னிக்குப் புதுசா ஒருத்தி வந்து கேமராவை நீட்டினா எல்லாரும் வெறைச்சுப் போயிடுவாங்க. முன்னாடியே வந்து ரெண்டு டீ குடிச்சுட்டா என்னை மறந்துடுவாங்க. மறந்தாதான் அங்கிள் படம் நல்லா வரும்."

வீட்டில் இருப்பவர்கள் தம்மை மறந்திருக்கும்போது வந்து பார்ப்பவரை அவர் அதுவரை திருடன் என்ற பெயரால்தான் அழைத்து வந்தார். ஆயினும் கோகிலவாணி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இரம் கூடத்தில் உட்கார்ந்து, சன்னல்களைப் பார்த்தாள். சின்மயியிடம் காலையில் எந்நேரம் எழுவாள், யாரோடு பேசினால் சிரிப்பு வரும், என்ன சொன்னால் கோபம் வரும் என்றெல்லாம் கேட்டாள். பிறகு, பட்டமளிப்பு அங்கியோடு சுவரில் நின்றிருந்த மோகன்ராஜைக் காட்டினாள்.

"இவர்தான் அண்ணனா? துபாய்லேர்ந்து எப்ப வர்றார்? பொண்ணு கையில பொரி அள்ளிப் போடறது அண்ணன்தானே? அந்தப் படத்தை எல்லா வீட்லயும் கேட்டு வாங்குவாங்க."

"லீவு கெடைக்கல. பங்காளி வூட்டுப் பையன் போடுவான்."

"ஓ. சரி அங்கிள். இன்னொண்ணு கேக்கறேன், எல்லா வீட்லயும் கேக்கறதுதான். சொந்தத்துல யாராவது யாரோடயாவது பேச்சு இல்லாம இருக்காங்களா? ஒரே படத்துல நிக்க வைக்கக் கூடாதவங்க? தெரியாம நிக்க வச்சுட்டா மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்."

ஜெயவேலுவின் கையிலிருந்த டம்ளர் வாயருகே நின்றது. "எங்க வூட்ல அப்படியெல்லாம் யாரும் இல்ல" என்றார்.

அவள் போன பிறகு அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல் இருந்தது. சம்பந்தம் பேசும்போது எதிர் வீட்டைப் பற்றி அறிய ஆள் அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். போகிறவன் விசாரிக்க வந்தேன் என்று சொல்லமாட்டான். மாடு விலைக்கு உண்டா என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். இப்போது வீடு வாடகைக்கு உண்டா என்று கேட்கிறார்கள். ஜெயவேலுவும் அப்படிச் செய்தவர்தாம். கடையில் கணக்கு எழுதும் ராஜகோபாலனை வாடகைக்கு வீடு தேடுபவரைப் போலக் கேம்ப் ரோட்டுக்கு அனுப்பி, சூர்யா குடிப்பானா, தாயார் அண்டை வீட்டாரோடு சண்டை பிடிப்பாரா என்றெல்லாம் தெரிந்துகொண்ட பின்னரே தாம்பூலம் மாற்றினார். தாம் செய்ததை எதிர்ப்பக்கம் செய்யாது என்று எண்ணுவதற்கு அவர் முட்டாள் அல்லர்.

"கோகிலா, அது போட்டோ எடுக்கற பொண்ணு இல்லடி. வேவு பாக்க அனுப்பிச்சுகிறாங்க."

"உனுக்கு வேற வேல இல்ல."

"கேமரா இல்லாம வர்றா. யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லன்னு கேக்கறா. சொவத்துல கீற படத்தக் காட்டி எப்ப வருவான்றா. இன்னும் இன்னா வேணும்?"

"அப்ப நீ அனுப்பிச்ச ராஜகோபாலு மாதிரி வாடகைக்கு வூடு கீதான்னு கேட்டாளா?"

"அது பழைய டெக்னிக்கு" என்றார் அவர், முகத்தில் சிரிப்பின்றி.

மறுநாளே தாம்பரம் சந்தைப் பக்கம் குழாயும் டைல்ஸும் விற்கும் அயூப்பின் கடைக்குப் போனார். இருவரும் நெடுநாள் வியாபாரப் பழக்கம் உள்ளவர்கள். அயூப் அப்போது கழிவறைத் தொட்டி ஒன்றை அட்டைப் பெட்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், உங்க ஜனத்துல இரம்முன்னு ஒரு பொண்ணு. போட்டோ எடுக்குதாம். யார் வூட்டுப் பொண்ணு?"

"இரமா? என் தங்கச்சி குல்ஷன் பொண்ணுயா அது! ஏன், இன்னா ஆச்சு?"

ஜெயவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அயூப்புக்கு மோகன்ராஜ் விவகாரம் முழுவதும் தெரியும். மகன் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று கடையில் உட்கார்ந்து ஜெயவேலுவோடு டீ குடித்துத் தேற்றியவர் அவரே.

"நீ அதுகிட்ட எதுனா சொன்னியா?"

"எத?"

"என் பையன் மேட்டர."

அயூப் தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஜெயவேலு, நான் என் பொண்டாட்டிகிட்டயே சொல்லல. அந்தப் பொண்ணு நாயித்துக் கெழமை ஆனா மண்டபம் மண்டபமா ஓடிகினு கீது. என் கடைக்கு வந்தே மாசம் ஆவுது. உன் வூட்ட வேவு பாக்க அதுக்கு நேரம் ஏதுயா?"

"நான் வேவுன்னு சொல்லவே இல்லியே. நீ ஏன் அந்த வார்த்தய எடுக்கற?"

"உன் மூஞ்சில எழுதிகீது. போ, போய் மோர் குடி. வெயில் ஏறிகிச்சு உனுக்கு."

அவர் மோர் குடிக்கவில்லை. அன்று முதல் அயூப்பையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, மணமக்கள் இருவரையும் வைத்துச் சேலையூர் ஏரிக்கரையில் படம் எடுப்பதாக இரம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை கேமராவுக்குப் பழகிவிட்டால் அன்றைக்குக் கூச்சம் இருக்காது என்பது அவள் எண்ணம். ஜெயவேலு தாமும் வருவேன் என்றார். வந்து, வெள்ளை வேட்டியோடு கரையின் மேல் மின்கம்பம் போல நின்றுகொண்டார்.

வெயில் தாழ்ந்து, தண்ணீரின் மேல் கொக்குகள் இறங்கத் தொடங்கியிருந்தன. ஏரிக்கரையில் ஒருத்தி மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். இரம் மணமக்களுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் வெகுதூரம் தள்ளிப் போய் நின்றாள்.

"நான் இல்லைன்னு நினைச்சுக்கங்க. சிரிங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கேமராவைப் பாக்க வேணாம். சாப்பிடுங்க, பேசுங்க. கையை எங்க வைக்கறதுன்னு யோசிக்காதீங்க, பஜ்ஜி பாத்துக்கும்."

சூர்யா சிரித்தான். சின்மயியும் சிரித்தாள். மிளகாயைக் கடித்த சூர்யாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. "தண்ணி, தண்ணி" என்று அவன் தவிக்க, அவள் தன் துப்பட்டா நுனியால் அவன் கண்ணைத் துடைக்கப் போய், தந்தையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அங்கிள்!" என்று தூரத்திலிருந்து கூவினாள் இரம். "கோச்சுக்காதீங்க. நீங்களும் ஒரு பஜ்ஜி சாப்பிட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்களேன்!"

அவர் திரும்பி நின்றார். காது மட்டும் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"உங்க அண்ணன் நம்பர் குடு சின்மயி. நான் பேசறேன். கல்யாணத்துக்கு முன்னாடி மச்சானோட ஒரு வார்த்தை பேசலைன்னா நல்லா இருக்குமா? துபாய்ல என் ஃபிரண்டு கூட ஒருத்தன் இருக்கான். போய்ப் பாக்கச் சொல்றேன்."

"அண்ணனுக்கு ஷிஃப்ட்டு... எப்ப எடுப்பான்னு தெரியாது."

"பரவால்ல. மெசேஜ் போடறேன்."

"அப்புறம் தரேன்."

அதன்பிறகு பேச்சு ஓடவில்லை. இரம் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டு அருகே வந்தாள். "நல்லாத்தானே பேசிட்டிருந்தீங்க? திடீர்னு ஏன் ரெண்டு தோளும் காதுகிட்ட ஏறிடுச்சு?" என்று சின்மயியைக் கேட்டாள். அன்று எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை என்று இரம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். இருவரும் பேருந்து நிறுத்தத்தில் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கும் பயணிகளைப் போல் இருக்கிறார்களாம். "இன்னொரு நாள் வீட்லயே எடுத்துக்கலாம். வேலை ஏதாவது செஞ்சுட்டு இருக்கும்போது எடுத்தா நல்லா வரும்" என்றாள்.

திரும்பும் வழியில் ஜெயவேலு மகளிடம், "தோள் ஏறிச்சு, எறங்கிச்சுன்னு அவளுக்கு இன்னா கணக்கு? நீ ஜாக்கிரதையா இரு" என்றார். சின்மயி சாலையைப் பார்த்துக்கொண்டே, "ஜாக்கிரதையா இருந்ததாலதான்பா ஏறிச்சு" என்றாள்.

கூழ் வடகம் பிழிவதற்கென்று கோகிலவாணி ஒரு காலைப் பொழுதை ஒதுக்கியிருந்தாள். சீர் வரிசையில் ஒரு தூக்கு நிறைய வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. விடியற்காலையிலேயே அரிசிக் கூழ் கிண்டி, சீரகமும் பச்சைமிளகாய் விழுதும் சேர்த்து, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துத் தாயும் மகளும் பிழிந்து முடித்தார்கள். இரம் அன்று கேமராவோடு வந்திருந்தாள். ஜெயவேலு அப்போது கடையில் சிமெண்டு இறக்கிக்கொண்டிருந்தார். கோகிலவாணி காலிப் பாத்திரங்களோடு கீழே இறங்கிப் போனாள். காக்கைக்குக் காவலாகச் சின்மயி மட்டும் மாடியில் நின்றாள். அவளுடைய தொலைபேசி ஒலித்தது. அவள் திரையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அடுத்த கணம், கூழ் படிந்த புறங்கையால் நெற்றிமுடியை ஒதுக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்கள் மூடிப்போகும் அளவுக்குச் சிரித்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்த இரம் அதை எடுத்தாள்.

அதைப் போன்ற படம் எளிதில் அமைவதில்லை. அவ்வளவு நாள் காத்துக் கிடைத்த மகிழ்ச்சியில் இரம் அதை அன்று பகலிலேயே மணமக்கள் இருவருக்கும் அனுப்பிவிட்டாள். ஒன்றிரண்டை முன்கூட்டி அனுப்பி வைப்பது அந்தத் தொழிலில் உள்ள வழக்கம். மதிய இடைவேளையில் வெளியே வந்த சூர்யாவும் பெருமையோடு அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். அவனுடைய சித்தி ஒருத்தி பார்த்தாள். "பொண்ணு லட்சணமா இருக்கு. யாரோட பேசி இப்படிச் சிரிக்குது, நம்ம சூர்யாவோடயா?" என்று கேட்டாள். படம் எடுத்த காலை நேரத்தில் சூர்யா தொழிற்சாலைக்குள் இருந்தான். அங்கே தொலைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவன் சின்மயியைக் கேட்டான். அவள் தோழி என்றாள். எந்தத் தோழி என்றான். அவள் சொன்ன பெயரும், ஜெயஸ்ரீ அம்மாள் கோகிலவாணியைக் கேட்டபோது வந்த பெயரும் ஒன்றாக இல்லை.

மாலை ஜெயஸ்ரீ அம்மாள் கூப்பிட்டபோது ஜெயவேலு வீட்டில்தான் இருந்தார். கோகிலவாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. சின்ன விஷயம்தான். மாடியில எடுத்த படத்துல பொண்ணு வீடியோ கால்ல பேசிட்டு இருக்கு. யாருன்னு கேட்டா சூர்யாகிட்ட ஒரு பேர் சொல்லியிருக்கு, நீங்க எங்கிட்ட மத்தியானம் வேற பேர் சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்ல பெரியவங்க கேக்கறாங்க. பொண்ணுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம்தானே? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. பத்திரிகை அடிக்கக் குடுக்கலை இன்னும்."

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள் கோகிலவாணி.

"நாளைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. வச்சுடறேன்."

ஜெயவேலு எழுந்து சின்மயியின் அறை வாசலில் போய் நின்றார்.

"யாரு அவன்?"

"யாருப்பா?"

"ஃபோன்ல பல்ல காட்டிகினு இருந்தியே, அவன். ஊரே பாத்துகினு கீது. பெத்தவனுக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

சின்மயி தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள்.

"அவள இன்னாத்துக்குப் பாக்கற? என்னப் பாத்துச் சொல்லு. கல்யாணத்த நிறுத்தணும்னா நிறுத்திடறேன். ஆனா எவன்னு தெரியணும்."

"அண்ணன்பா."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன் இருக்கான்? மோகன் அண்ணன்."

அவர் நம்பவில்லை. அகப்பட்ட எந்தப் பெண்ணும் முதலில் அண்ணன் என்றுதான் சொல்லுவாள் என்று அவருக்குப் பட்டது. "ரெண்டு வருஷமா பேச்சுவார்த்த இல்லாதவன் இன்னிக்கு வீடியோ கால் போட்டானாக்கும். நீ விழுந்து விழுந்து சிரிச்சியாக்கும். யாருக்குக் காது குத்தற?"

"அவகிட்ட கத்தாத" என்றாள் கோகிலவாணி. "நான்தான் பேசச் சொன்னேன். நானும் பேசிகினுதான் கீறேன். டெய்லி பேசறோம். நீ கடைக்குப் போனதும் பேசுவோம், வண்டி சத்தம் கேட்டா வச்சுடுவோம். கொழந்தைக்கு மொத பல்லு வந்துகிது. வாயத் தொறந்து காட்டுடான்னா அது நாக்க நீட்டி அவன் மூக்கக் கடிச்சுது. அதுக்குத்தான் இவ சிரிச்சா. போதுமா?"

தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறந்து போயிற்று.

"கொழந்தையா?"

"ம்."

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடையில் ஒரு மூட்டை குறைந்தாலும் தெரிந்துகொள்ளும் அவருக்கு, தம் வீட்டில் நாள்தோறும் தம் முதுகுக்குப் பின்னால் நடந்தது தெரியாமல் போயிருந்தது. கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தார். வந்தது, ஆனால் யார்மேல் வைப்பது என்று அதற்கு இடம் கிடைக்கவில்லை.

செய்தி அறிந்து இரம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். சூர்யா படத்தைப் பற்றி அவளிடமும் விசாரித்திருந்தான்.

"அங்கிள், என் தப்பு. உங்களைக் கேக்காம அனுப்பியிருக்கக் கூடாது. அழகா வந்துடுச்சேன்னு ஆசையில அனுப்பிட்டேன்."

"நீ யார் சொல்லி எங்க வூட்டுக்கு வந்த? உண்மையச் சொல்லு."

"சூர்யா சொல்லித்தான். கல்யாணத்துக்குப் படம் எடுக்க."

"வேற ஒண்ணும் சொல்லலியா? பொண்ணு எப்படி, குடும்பம் எப்படின்னு பாத்துட்டு வான்னு?"

இரம் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "அதான் அயூப் மாமா ஃபோன் பண்ணி, 'ஜெயவேலு வீட்ல டீ குடிச்சா கப்பைக் கழுவி வச்சுட்டு வா, கைரேகை எடுத்துடப் போறான்'னு கிண்டல் பண்ணாரா?" என்றாள். சின்மயி அந்த நிலையிலும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயவேலு சிரிக்கவில்லை. ஆயினும் அவளிடம் நடந்ததைச் சொல்லுமாறு மனைவிக்குக் கை காட்டினார். கோகிலவாணி சுருக்கமாகச் சொன்னாள். இரம் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"அங்கிள், ஒரு வழி இருக்கு. நான் சூர்யாகிட்ட சொல்லிடறேன், ஃபோன்ல யாருமே இல்லன்னு. நான்தான் சும்மா ஃபோனைப் பிடிச்சுட்டுச் சிரிக்கச் சொன்னேன்னு. நம்பிடுவார். நிறையப் பேர் அப்படித்தான் எடுக்கறாங்க."

"நீ சிரிக்கச் சொல்ல மாட்டேன்னியே" என்றாள் சின்மயி.

"சொல்ல மாட்டேன்தான். இந்த ஒரு தடவை சொன்னேன்னு இருக்கட்டும். என் பேர் கொஞ்சம் கெடும், பரவால்ல. உங்க கல்யாணம் நிக்கக் கூடாது."

கோகிலவாணியின் முகம் மலர்ந்தது. "அப்படியே சொல்லிடும்மா. உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா, சொல்லச் சொல்லலாமா?"

ஜெயவேலு இரமைப் பார்த்தார். அவள் உண்மையாகத்தான் சொல்கிறாள் போலிருந்தது. ஆனால் நாளைக்கு ஒருநாள் அவளுக்கும் சூர்யாவுக்கும் ஏதாவது மனத்தாங்கல் வந்தால்? அவள் தன் மாமாவிடம் சொன்னால்? அயூப் அதைக் கேலியாக வேறு யாரிடமேனும் சொன்னால்? கல்யாண மண்டபத்தில் இந்தப் பெண் கேமராவை உயர்த்தும்போதெல்லாம் தாம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். துபாய்க்குத் தீனி போட்டது போதாதென்று இதற்கும் போட வேண்டும். அத்தனையும் போட்டு முடித்த பின்னரும், ஏற்கெனவே சொன்ன இரண்டு பெயர்களை வைத்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தம் மகளைப் பற்றி என்ன நினைத்தார்களோ அது அப்படியேதான் இருக்கும்.

"அந்தப் படத்தக் காட்டு" என்றார்.

இரம் தொலைபேசியை நீட்டினாள். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், பின்பு தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வேட்டியின் மேல் வரிசையாக வடகம். பின்னால் தண்ணீர்த் தொட்டி. நடுவில் அவர் மகள். வீட்டில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்து நெடுநாளாயிற்று. அவர் வந்தால் நின்றுபோகும் சிரிப்பு அது என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நல்லாத்தான் வந்துகிது" என்றார்.

"இன்னா பண்ணலாம் சொல்லு. நாளைக்குள்ள பதில் கேட்டுகிறாங்க" என்றாள் கோகிலவாணி.

"அவங்களுக்குத் தெரிஞ்சா, பொய் சொல்லிப் பொண்ணு குடுத்தாங்கன்னு வேணாம்னுடுவாங்களாப்பா?" என்றாள் சின்மயி.

"சொல்லலாம். அந்தம்மா மூஞ்சப் பாத்தா சொல்லுவாங்கன்னுதான் தோணுது. சொல்ல மாட்டாங்கன்னு உனுக்கு நான் கேரன்டி குடுக்க முடியாது."

"சூர்யா?"

"அவனையும் எனுக்கு இன்னும் தெரியாது. நீ பேசிப் பாரு."

கோகிலவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மோகன கல்யாணத்துக்குக் கூப்புடுவியா? அந்தப் பொண்ணும் வருமே. மேடையில ஏத்துவியா?" என்று அடுக்கினாள்.

"எல்லாத்தையும் இன்னிக்கே கேக்காத. ஏஞ்சல் வூட்டுக்குள்ள வந்தா நான் இன்னா பேசுவேன்னு எனுக்கே தெரியல. அது வேற கணக்கு. இப்ப இவ பேர் கெட்டுகினு கீது. அத மட்டும் பாக்கறேன்."

அவர் தொலைபேசியை இரமிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. கேட்டா, எனுக்குத் தெரியாது, அவரையே கேளுங்கன்னுடு."

இரம் தலையசைத்தாள். கோகிலவாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்க்காமல், மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:

"காலையில நான் கேம்ப் ரோடு போறேன். ஃபோன்ல பேசினது மோகன்தான், அவன் காட்டாங்குளத்தூர்ல பொண்டாட்டி புள்ளையோட கீறான், துபாய்னு நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வரேன்."